பழைய காருக்கு என்ன விலை?

"பொறு தம்பி, காரை அரக்கக் கூடாது. இன்சூரன்ஸ்காரன் வந்து படம் எடுக்கட்டும்" என்றார் சித்தப்பா. 2023-இல் கொழும்பு காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தனியார் பஸ் அவருடைய கொரோலாவின் இடப்பக்கத்தை உரசி இழுத்துவிட்டிருந்தது. பின்னால் நிற்கும் வாகனங்களெல்லாம் ஹாரன் அடிக்க, ஓரம் கட்டலாமே என்று நான் பதறினேன். அவர் பதறவில்லை. காப்புறுதி நிறுவனத்தின் எண்ணை அழைத்து இடத்தைச் சொன்னார். பஸ்காரரும் தம் நிறுவனத்தை அழைத்தார். அரை மணி நேரத்துக்குள் மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் வந்து, கார் நின்ற கோலத்திலேயே நான்கு பக்கமும் படம் எடுத்து, கதவையும் பெண்டரையும் தொட்டுப் பார்த்து, படிவத்தில் குறித்துக் கையெழுத்து வாங்கினார். சிறு சேதமாக இருந்தால் அங்கேயே தொகை பேசி முடித்துக் கொடுத்துவிடுவதும் உண்டு.

இலங்கையின் இந்த 'ஒன் த ஸ்பொட்' முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மோதிய இடத்திலேயே சேதம் பதிவாகிவிடுவதால், இந்தக் கீறல் பழையது, அந்த விளக்கு முன்பே உடைந்தது என்ற பேச்சுக்குப் பிறகு அதிக இடமில்லை.

சென்னையில் என் அனுபவம் வேறு. அதற்கு மூன்று மாதம் முன்புதான் போரூர் சிக்னலில் நின்றிருந்த என் வேகன்-ஆர் மீது பின்னாலிருந்து ஒரு மினி லாரி மோதி, அதை முன்னால் நின்ற வேனோடு சேர்த்து நசுக்கியிருந்தது. யாருக்கும் அடி இல்லை. சாலையில் கூட்டம் கூடி, "ஏதாவது வாங்கிட்டு விட்டுடுங்க சார்" என்று பஞ்சாயத்து நடந்ததே தவிர, காப்பீட்டு நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. பொதுவாக வரவும் மாட்டார்கள். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போய், எஸ்டிமேட் போட்டு, கிளெய்ம் பதிந்த பிறகுதான் சர்வேயர் வருவார். தப்பு முழுக்க லாரி மீது இருந்தாலும், அதன் காப்பீட்டிலிருந்து என் கார் சேதத்துக்குப் பணம் வாங்க வேண்டுமென்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்த அலைச்சலுக்கு அஞ்சி, பெரும்பாலானோர் போல நானும் என் பாலிசியிலேயே கிளெய்ம் செய்தேன். அதோடு பல ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் போயிற்று.

உண்மையில் இரண்டு நாடுகளையும் பிரிப்பது யார் எப்போது வருகிறார்கள் என்பதல்ல. பழைய கார் ஒன்றின் மதிப்பை எப்படி எழுதுகிறார்கள் என்பதுதான்.

இந்தியாவில் அது வயதை வைத்துப் போடும் கணக்கு. பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி முழுதாகப் போனால் கிடைப்பது அதுதான். புதுக் காரின் விலையில் முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம் கழியும், ஓராண்டு வரை 15, பிறகு ஆண்டுக்கு ஆண்டு கூடி, நான்கு ஆண்டு தாண்டினால் 50. ஐந்து ஆண்டுக்குப் பிறகு அட்டவணை இல்லை. நிறுவனமும் நாமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. பேசுவது என்றால் யாரும் பேசுவதில்லை. புதுப்பிக்கும்போது திரையில் வரும் எண்ணைக் குறைத்தால் பிரீமியம் சில நூறு ரூபாய் குறையும், குறைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் பதினொரு வயதுக் காருக்கு 1,40,000 ரூபாய் என்று ஒப்புக்கொண்டிருந்தேன்.

பாகங்களுக்கும் இதே வயதுக் கணக்குதான். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாவற்றிலும் பாதி கழியும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புத் தகட்டுக்கு, கார் பத்து ஆண்டு தாண்டிவிட்டால், பாதி. இந்தக் கழிவு இல்லாத 'ஜீரோ டெப்' பாலிசியை இத்தனை வயதான காருக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை. என் காருக்கு கம்பெனி ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் 1,95,000. கழிவெல்லாம் போக சர்வேயர் கணக்கில் வந்தது 1,12,000. இங்கேதான் அந்த 75 சதவீத விதி குறுக்கே வந்தது: பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் முக்கால் பங்கைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு. என் எல்லை 1,05,000. ஏழாயிரம் ரூபாய் வித்தியாசத்தில், இன்ஜினில் ஒரு குறையும் இல்லாத கார் காகிதத்தில் செத்துப்போனது.

சர்வேயர் இரண்டு வழி சொன்னார். சிதைந்த வண்டியை ஒப்படைத்துவிட்டு ஐ.டி.வி.யை வாங்கிக்கொள்ளலாம், அல்லது வண்டியை நானே வைத்துக்கொண்டு, பழைய இரும்பாக அதற்குக் கேட்கப்பட்ட அதிகபட்ச விலையைக் கழித்து மீதியை வாங்கிக்கொள்ளலாம். அந்த விலை 46,000. இரண்டிலும் கட்டாயக் கழிவு ஆயிரம் ரூபாய் உண்டு. முதல் வழியில் 1,39,000, இரண்டாவதில் 93,000 ரூபாயும் காரும். மனம் இரண்டாவதைத்தான் நாடியது. ஆனால் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றை ரத்து செய்து தந்தால்தான் தீர்வு என்றார்கள். ஆர்.சி. இல்லாத காரை நான் எங்கே ஓட்டுவது? கொடுத்துவிட்டேன்.

சித்தப்பாவின் கதை இதற்கு நேர் எதிர். அவருடைய 2004 மாடல் கொரோலாவுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறியது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022-இல் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை ரூபாய் சில மாதங்களில் 360 வரை சரிந்தது. புதுக் கார் வரவே இல்லை, இருந்த கார்களே சுற்றிச் சுற்றி விற்பனையாகின. '121' என்று எண்ணைச் சொன்னாலே அங்கே எல்லாருக்கும் விளங்கும் அந்த மாடலுக்கு நல்ல கிராக்கி. ஆனால் சித்தப்பா பாலிசியில் பழைய தொகையையே தொடர்ந்திருந்தார்: 33 லட்சம். பிரீமியம் கூடிவிடுமே என்ற கவலை. விலைவாசி எகிறிய அந்த ஆண்டில் ஓய்வூதியம் வாங்கும் ஒருவர் அப்படி நினைத்ததில் தவறு சொல்ல மனம் வரவில்லை.

நிறுவனம் காரின் சந்தை விலையை 55 லட்சம் என்று மதிப்பிட்டது. 55-க்கு 33, அதாவது 60 சதவீதம். விலைக்குக் குறைவாகக் காப்புறுதி செய்தவருக்கு இழப்பீடும் அதே விகிதத்தில்தான் என்று பாலிசியிலேயே ஒரு விதி இருந்தது. பழுதுச் செலவு 6 லட்சம். கைக்கு வந்தது 3,60,000. "நான் காட்டின தொகைக்குள்ளதானே கேக்கிறன், ஏன் வெட்டுறாங்கள்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆண்டுதோறும் பிரீமியம் வாங்கிக்கொண்ட ஏஜெண்ட், விலை ஏறிவிட்டது, தொகையைக் கூட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

எனக்குக் கையில் பணம் வந்தது, கார் போய்விட்டது. அவருக்குக் கார் மிஞ்சியது, பணம் போதவில்லை. அந்த 1,39,000 ரூபாய்க்கு என் வேகன்-ஆர் போலவே ஓடக்கூடிய இன்னொன்று சென்னையில் கிடைக்காது. தேடியவற்றில் குறைந்தது இரண்டரை லட்சம் கேட்டார்கள். மீதிக்குக் கடன் வாங்கினேன். சித்தப்பாவுக்கோ காரை மாற்றுவது என்ற பேச்சே இல்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தபோதும், வரி சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

அதனால் அங்கே பழுது பார்ப்பது ஒரு வாழ்க்கை முறை. அந்த மோதலுக்குப் பிறகு சித்தப்பாவோடு கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய கதவுகள் ஆடைகள் போல வரிசையாகத் தொங்குகின்றன. கடைக்காரர் நம்பர் பிளேட்டைப் பார்த்தே எந்த ஆண்டு, எந்தக் கதவு என்று சொல்லிவிடுகிறார். வெள்ளைக் கதவு ஒன்றைச் சித்தப்பா விரல் மடக்கி மூன்று இடத்தில் தட்டினார். பட்டி பூசிய இடத்தில் சத்தம் மந்தமாக வரும், தெரியுமா என்றார். நான்காவது கதவில்தான் எல்லா இடத்திலும் ஒரே சத்தம் வந்தது. கராஜில் அதைப் பொருத்தி நிறம் அடித்தும், வெயிலில் பார்த்தால் அந்த ஒரு கதவு மட்டும் சற்றே மஞ்சள் தட்டிய வெள்ளை.

சென்னையின் பஞ்சிகாவத்தை புதுப்பேட்டை. அங்கும் தட்டிப் பார்க்கும் விரல்கள் இருக்கின்றன. ஆனால் என் காருக்கு அங்கே ஒரு கதவு வாங்கும் வாய்ப்பை அந்த ஏழாயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டது. ஐ.டி.வி.யை நான் 1,60,000 என்று வைத்திருந்தால், முக்கால் பங்கு 1,20,000 ஆகியிருக்கும். கார் என்னிடமே இருந்திருக்கும்.

சிதைந்த வண்டியைக் கொடுத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் அதை யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒட்டவைத்து ஓட்டினால், கேட்டு வருவது என் வீட்டுக்கு. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து, பதிவு ரத்தானதற்கான சான்றை வாங்கி, அதைப் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்குத் தம் புதிய பாலிசியின் படத்தை அனுப்பினார். தொகை என்ற இடத்தில் 55 லட்சம் என்று இருந்தது.