முழங்காலும் நாட்காட்டியும்

ஓடும் வீரர் சட்டென்று திரும்பும்போது கீழ்க்கால் எலும்பு முன்னுக்கு நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்து நிறுத்துவது முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார். அது அறுந்துவிட்டால், உடலின் வேறோர் இடத்திலிருந்து நாரை எடுத்து அங்கே பொருத்துகிறார்கள். அதன் பின் வீரர் எப்போது மைதானத்தில் இறங்கலாம்?

இக்கேள்விக்குத் துணிவாக விடை கூறியது, அமெரிக்க மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்னும் பால் நிட்ஸும் 1990-இல் வெளியிட்ட 'விரைவு மீட்புப் பயிற்சி' பற்றிய ஆய்வுக் கட்டுரை. அதன் நிறையையும் குறையையும் இன்றைய அறிவைக்கொண்டு எடைபோட்டுப் பார்ப்போம்.

நிறையை முதலில் சொல்வதே முறை. நீண்ட நாள் காலை அசையாமல் வைத்திருந்ததால் மூட்டு விறைத்தது. காலை முழுதும் நீட்ட முடியவில்லை. தொடைத் தசை மெலிந்தது. இவ்விருவரோ அறுவை முடிந்த மறுநாளே காலை நேராக நீட்டவும், தாங்கும் அளவுக்கு ஊன்றி நடக்கவும் சொன்னார்கள். இந்த அறிவுரை காலத்தை வென்று நிற்கிறது.

இனிக் குறை. 800 நோயாளிகளுள் பின்னர் வந்த 450 பேர் புதிய முறையைப் பின்பற்றினர். அவர்களுள் இரண்டாண்டுகளுக்கு மேல் கவனிக்கப்பட்டவர்கள் 73 பேரே. முன்னர் வந்தவர்களையும் பின்னர் வந்தவர்களையும் ஒப்பிடும்போது, பலன் பயிற்சியால் வந்ததா, மருத்துவரின் கை தேறியதால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம்.

அடுத்தது, எட்டாம் வாரம். அடிபட்ட காலின் வலிமை மறுகாலின் வலிமையில் 70 விழுக்காட்டைத் தாண்டி, ஆட்டத்துக்குரிய பயிற்சியும் முடிந்திருந்தால், அப்போதே இலேசான விளையாட்டுகளில் இறங்கலாம் என்றது கட்டுரை. நிபந்தனை இருந்தது உண்மை. ஆனால் அளவுகோல் தாழ்ந்தது. பொருத்திய நார் முதலில் வலுவிழக்கிறது. புதிய இரத்தக் குழாய்களும் செல்களும் உள்ளே பரவிய பின்னரே அது மெல்லத் தசைநாரின் இயல்பைப் பெறுகிறது. அதற்கு மாதங்கள் பல ஆகும். வலி நின்றது, நார் முற்றியதற்கு அடையாளமன்று.

2016-இல் வெளியான டெலவேர்-ஆஸ்லோ ஆய்வு 106 பேரைத் தொடர்ந்து கவனித்தது. ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் 51 விழுக்காடு குறைவாக இருந்தது. வலிமை, தாவல் முதலிய சோதனைகளில் தேறாமல் ஆடியவர்களுள் 38.2 விழுக்காட்டினர் மீண்டும் காயமுற்றனர், தேறியவர்களுள் 5.6 விழுக்காட்டினரே. தேறியவர்கள் மிகச் சிலர் என்பதால் இந்த எண்ணையும் கல்வெட்டாகக் கொள்ளலாகாது. எனினும் அது காட்டும் திசை தெளிவானது.

ஆகவே 1990-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தள்ளிவிட வேண்டியதில்லை; இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். அசைவைத் தொடங்குவதில் அது காட்டிய விரைவை ஏற்போம். ஆட்டத்துக்குத் திரும்புவதில் காட்டிய விரைவை மறுப்போம். பள்ளி அணியில் ஆடும் மாணவர் ஒருவர், 'எத்தனை மாதம் ஆயிற்று?' என்று கேட்பதோடு நிற்காமல், 'இரு கால்களின் வலிமையும் சமமாகிவிட்டதா?' என்றும் மருத்துவரிடம் கேட்கட்டும். முதற் கேள்விக்கு நாட்காட்டி விடை சொல்லும். இரண்டாவதற்குச் சோதனைதான் விடை சொல்ல வேண்டும். ஒரு பந்தயத்தை இழப்பதைவிட, அதே முழங்காலுக்கு மறுமுறை அறுவை செய்துகொள்வது பெரிய இழப்பு.