சவுக்கு வெட்டின காசு

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் சாலையில், கிளியனூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. சமீபத்தில் போனபோது காபி வருவதற்குள் பஞ்சாயத்து வந்துவிட்டது. மகன் என்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ‘சைபர்பங்க் 2077’ ஆடினால் திக்கித் திக்கி நிற்கிறதாம். ‘‘கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணும் அங்கிள். 45,000 ரூபாதான்!’’

அந்த ‘தான்’ அப்பாவைச் சுட்டது. ‘‘சவுக்கு வெட்டின காசு கைக்கு வந்தது இவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க சார்’’ என்றார்.

சவுக்கு நட்டால் வெட்டுவதற்கு நாலைந்து வருஷம் ஆகும். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு மவுசோடு இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். ஒரே வித்தியாசம், சவுக்கு நிற்க நிற்க விலை ஏறும். கார்டு பெட்டியைப் பிரித்த அன்றே இறங்கும்.

உங்கள் வீட்டிலும் இந்த வழக்கு வரலாம். அதனால் தீர்ப்பை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். இதற்குக் காசில்லாத பரிசோதனை ஒன்று இருக்கிறது. விளையாட்டின் அமைப்பில் போய்த் திரையின் ரெசல்யூஷனைக் குறையுங்கள். 1920க்கு 1080 என்றால் ஒவ்வொரு காட்சிக்கும் சுமார் 20 லட்சம் புள்ளிகளைக் கார்டு வரைந்தாக வேண்டும். அதைக் குறைத்ததும் ஆட்டம் சரளமாக ஓடினால், திணறியது கார்டு. குறைத்த பிறகும் அதே திக்கல் என்றால் கார்டு நிரபராதி. குற்றவாளி பிராசஸராகவோ ராமாகவோ டிஸ்க்காகவோ இருக்கலாம்.

பையனின் மெஷினில் செய்து பார்த்தோம். படம் மங்கியது, திக்கல் அப்படியே இருந்தது. உள்ளே இருந்தது 2016ல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1060, 6 ஜி.பி. கார்டு. பழசுதான். ஆனால் சைபர்பங்க் தயாரித்தவர்கள் 2023ல் திருத்திய பட்டியலில், குறைந்தபட்சத் தேவையாகச் சொன்ன கார்டே அதுதான். அதே பட்டியல் 12 ஜி.பி. ராம் கேட்கிறது, பையனிடம் 8. எஸ்.எஸ்.டி. கேட்கிறது, பையனிடம் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். கால் செருப்பு கடித்தால் சட்டையை மாற்றப் புறப்பட்ட கதை!

அடுத்து, கார்டு தனியாக வராது, உறவினர்களோடு வரும். அதிக மின்சாரம் தின்கிற கார்டுக்குப் புது எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 காட்சிக்கு மேல் அதனால் காட்ட முடியாது. கார்டு 120 அனுப்பினாலும் பாதி வீண். அதனால் புது மானிட்டர். அதற்குக் கண் கொடுக்கும் பலனும் குறைவு. 30லிருந்து 60க்குப் போனால் ஒவ்வொரு காட்சியும் சுமார் 17 மில்லி செகண்ட் முந்தி வரும். 60லிருந்து 120க்குப் போனால் முந்துவது 8தான். செலவு ஏறுகிறது, சுகம் பாதியாகிறது.

‘‘பாண்டியில வரி கம்மி அங்கிள்’’ என்றான் பையன். அந்தக் காலம் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு மலையேறிவிட்டது. இப்போது அந்தச் சலுகை பெட்ரோலுக்கும் இன்னொரு திரவத்துக்கும்தான்.

விளையாட்டுக் கம்பெனிகளிடமும் எனக்கு வருத்தம் உண்டு. 2007ல் ‘க்ரைசிஸ்’ வந்தபோது அதை முழு அழகோடு ஓட்ட உயர்ந்த மெஷின்களே திணறின. ஒற்றைப் பிராசஸரின் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி எழுதினார்கள். உலகம் பல கோர்கள் பக்கம் திரும்பிவிட்டது. பல வருஷம் கழித்து வந்த மெஷின்களிலும் அது முரண்டு பிடித்தது. நாளைக்கு வரப்போகும் விளையாட்டுக்காக இன்றைக்கே கார்டு வாங்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர் எதிரே ‘வெண்பா’. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்தும் அழிந்தும் போன அம்மாவின் சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு என்று நாம் சமைக்க வேண்டும். குறைகள் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சமையல் புதிர்கள் நம் வீட்டுப் பெண்களுக்கு (சில ஆண்களுக்கும்) சுலபம். ஆனால் தமிழ் பேசத் தயங்கும் மகனுக்கும் தாய்க்கும் நடுவே விழும் மௌனத்தை எந்தக் கார்டும் வரைந்து தராது. 2017ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க மெஷினிலேயே ஓடிய இந்தச் சின்ன விளையாட்டு, 2024ல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதை வாங்கியது.

அப்படியானால் கார்டே வாங்கக் கூடாதா? வாங்கலாம். ரெசல்யூஷன் பரிசோதனையில் கார்டுதான் குற்றவாளி என்று தெரிந்தால். ஆசைப்பட்ட விளையாட்டு வெளியாகி, அது ஓடவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வேலை என்று அந்தக் கார்டு சம்பாதித்துக் கொடுக்கும் என்றால். ‘புதுசு வந்துவிட்டது’ என்பது மட்டும் காரணமாகாது.

தீர்ப்பு: ஒரு எஸ்.எஸ்.டி., இன்னொரு 8 ஜி.பி. ராம். ராம் விலை ஏறிக் கிடக்கும் நேரம்தான். இருந்தும் பையன் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பெட்டியைத் திறந்து ஃபேனில் அடைந்திருந்த செம்மண் தூசியைத் துடைத்தது இலவசம்.

போன வாரம் பையன் போன் பண்ணினான். ‘‘திக்கல் போயிடுச்சு அங்கிள்.’’ வெண்பாவும் ஆடினானாம். இட்லித் தட்டு அடுக்கும் இடத்தில் தடுமாறியபோது, பின்னால் நின்ற அம்மா, ‘‘தட்டைக் கொஞ்சம் திருப்பி வைடா’’ என்றார்களாம்.

அவன் விளையாடும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.