நங்கூரம் என்னும் உருவகம்

1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்ம சித்திர மாதிரியுருவிலே புரதங்கள் கொழுப்புக் கடலில் மிதக்கும் தனியன்களாகவே பெரிதும் காட்சியளிக்கின்றன. அவ்விருவரும் விலக்குகளுக்கு இடம்விட்டிருந்தனர். அவர்களைச் சுருக்கி உரைத்தோர் பலர் உருவகத்தை மாத்திரமே பேணினர். தனிமனிதவாதம் நுணுக்குக்காட்டியினூடாகவும் பார்க்கும் போலும்!

1979இல் பெனற்றும் ஸ்ரென்பக்கும் செங்குருதிக் கலங்களில், குழியவன்கூட்டுப் புரதமாகிய ஸ்பெக்ரினை மென்சவ்வோடு பிணைக்கும் அங்கிரினை இனங்கண்டனர். நங்கூரத்தைச் சுட்டும் கிரேக்கச் சொல்லினடியாகப் பிறந்த இப்பெயரும் போதியதன்று. நங்கூரம் கலத்தை நிறுத்துமேயன்றி அதன் தொழிலை நிருணயிப்பதில்லை. அங்கிரின்-ஜீயோ அக்சனின் தொடக்கப் பகுதியிலே சோடியம் அயன் கால்வாய்களைத் திரளச் செய்கின்றது. கணத்தாக்கம் அங்கு எழுவதற்கு அத்திரட்சி இன்றியமையாதது. இதயச் சோடியக் கால்வாயின் 1053ஆம் இடத்து அமினோவமிலம் மாறியதால் இப்பிணைப்பு அற்றுப்போக, கால்வாய் இதயத்தசைக் கலத்தின் மேற்பரப்பிற் சென்று சேரவில்லை என 2004இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அம்மாற்றம் காணப்பட்டவர், திடீர் மரணத்துக்கு ஏதுவாகும் புறுகடா நோய்க்கு ஆளானவர்.

ஆயின் குழியவன்கூடே யாவற்றையும் ஆள்கின்றது எனக் கொள்வது மற்றொரு இயந்திரவாதம். கால்வாய்கள் குறையுமிடத்து அங்கிரின்-ஜீயின் திரட்சியும் தளர்கின்றது.