அரைமணி நேரச் சோறு

நம்முடைய நாவல்களில் பசி ஏராளமாக இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளைதான் இல்லை. நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஏழையின் வயிற்றைப் பற்றி நம் கதாசிரியர்கள் எழுதியிருக்கிற அளவில் காற்பங்குகூட அவனுடைய நேரத்தைப் பற்றி எழுதவில்லை என்பது என் வெகுநாளைய அபிப்பிராயம்.

ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் வந்தது. கைத்தறி நெசவாளர்களின் வாழ்வைச் சொல்லும் நாவல். சில இடங்களில் பாத்திரத்தின் குரலைவிடக் கொள்கையின் குரல் உரத்துக் கேட்கிறது. இருந்தாலும் மரியாதைக்குரிய நாவல். அதிலே பசிக்கு ஒரு நேரான கணக்கு உண்டு: வேலை இல்லை, ஆகவே கூலி இல்லை, ஆகவே சோறு இல்லை. நம்முடைய தொழிலாளர் கதைகளில் பலவும் இந்தக் கணக்கையே இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆயக்குடியில் இந்தக் கணக்கு உதைக்கிறது. பழனி மலையடிவாரத்து ஊர், கொய்யாப்பழத்துக்குப் பேர்போனது. இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் திண்டுக்கல் ஜில்லாவின் நூற்பாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆலையின் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அப்படிப் போய்வரும் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தபோது, என் வழக்கமான இலக்கிய அனுதாபத்துடன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"சோத்துக்கெல்லாம் பஞ்சமில்லீங்க சார். டப்பா நிறையத்தான் கொண்டுபோறோம். உக்காந்து திங்கத்தான் நேரமில்ல. மிசினு நிக்காதுல்ல? பக்கத்துப் புள்ளைய என் மிசினையும் சேத்துப் பாக்கச் சொல்லிட்டு ஓடணும். அங்க இழை அறுந்துக்கிட்டே இருக்கும், அதுவும் பாவம்."

"ஓ.டி. பார்க்கச் சொன்னால் முடியாது என்று சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம். சொல்லிப்புட்டு எப்படி வீட்டுக்கு வாரது? வேனு அவங்களதுதானே!"

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு நிகரான ஒன்றை நம்முடைய தொழிற்சங்க நாவல்களில் நான் படித்ததில்லை. இதில் மேஸ்திரி இல்லை, சவுக்கு இல்லை, முதலாளியின் சிவந்த கண்கள் இல்லை. இருட்டிய பிறகு கிளம்பாமல் நிற்கிற ஒரு வண்டி மட்டும் இருக்கிறது.

சட்டம் தன் பங்குக்கு எழுதித்தான் வைத்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. 5 மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவே அரைமணியாவது ஓய்வு தரவேண்டும் என்றது. வரம்புக்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. 2020இல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி போய், மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம்! சட்டம் எழுதுகிறவருக்கு அது ஒரு சொல். நாவலாசிரியனுக்கோ அது முந்நூறு பக்கம். அந்தப் பெண் தலையை ஆட்டினாளே, அந்த ஆட்டத்தில் வேனுக்கு எவ்வளவு பங்கு, வீட்டுக் கடனுக்கு எவ்வளவு பங்கு, இரட்டைக் கூலியின் ஆசைக்கு எவ்வளவு பங்கு? (ஆசையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏழைக்கு ஆசையே கூடாது என்பதும் நம் கதாசிரியர்களின் கொடுமைகளில் ஒன்று.) இதைப் பிரித்துக் காட்ட இன்ஸ்பெக்டரால் ஆகாது.

விஷயம் சின்னது, அரைமணிச் சோற்றுக்கு ஒரு நாவலா என்று கேட்பவர்கள் சென்னைச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக மதிக்கப்படுகிறது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயன்று, அடையாற்றிலிருந்து பி. பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அவரிடம் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற அரைமணி போதவில்லை என்பது. கூலி உயர்வும் வேறு பலவும் பின்னோடு வந்தன. ஒரு தேசத்தின் தொழிற்சங்க இயக்கம் சோற்றுக்கும் சங்குக்கும் நடுவே இருந்த சில நிமிஷங்களில் தொடங்கியிருக்கிறது. இதைவிட நல்ல முதல் அத்தியாயம் எந்த ஆசிரியனுக்குக் கிடைக்கும்?

சினிமா நம்மை முந்திக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தது. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றே தேய்கிற பிள்ளைகளையும், அவர்கள் அவசர அவசரமாகச் சாப்பிடுகிற கூடத்தையும் அது காட்டியது. படத்தின் கண்ணீர் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்தக் கூடத்தைப் பார்த்தவர்கள் அதன்பின் புடவை எடுக்கப் போகும்போது, மடித்துப்போடும் பெண்ணின் கால்களை ஒரு கணமாவது பார்த்திருப்பார்கள். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021இல்.

2023 ஏப்ரல் 21ஆம் தேதி, ஆலைகளில் 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்து, மே தினத்தன்று அதை வாபஸ் வாங்கியதாக அறிவித்தார்கள். அந்தப் பத்து நாளும் பத்திரிகைகளில் எட்டா, பன்னிரண்டா என்று எண்கள் மோதிக்கொண்டன. ஆயக்குடிப் பெண்ணுக்கு அந்த விவாதம் தெரியுமா என்று கேட்டேன். பேப்பரில் வந்ததாகச் சொன்னார்கள் என்றாள். பிறகு, "பன்னெண்டு மணி நேரம்னா அதுல வேன்ல போறதும் சேத்திங்களா சார்?" என்று கேட்டாள்.