ஓரியின் மலையில் ஒரு செல்போன்

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவதில் வயிறு கலங்க, கவனத்தைத் திருப்புவதற்காக செல்போனில் புறநானூற்றைத் திறந்தேன். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போகிறது. வன்பரணர் பாடி, உ.வே.சா. 1894-ல் அச்சேற்றி, 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்களால் கணினிக்கு வந்த பாட்டு. அதை அந்த மலையிலேயே படிப்பது தனி சுகம்தான்.

ஆனால் 'டிஜிட்டலில் ஏற்றிவிட்டோம், இனி சாகாது' என்று சிலர் சொல்லும்போது எனக்கு உதைக்கிறது. மதுரைத் திட்டத்தின் ஆரம்பகாலக் கோப்புகளுக்குச் சரியான எழுத்துரு இல்லையென்றால் பக்கம் முழுக்க ஜிலேபிதான் தெரியும். பிறகு பொறுமையாக யூனிகோடுக்கு மாற்றினார்களோ, பிழைத்தது. ஓலைச்சுவடிக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி இதற்கும் ஆள் வேண்டும்.

மாலி நாட்டின் டிம்பக்டுவைப் பாருங்கள். 2012-ல் ஆயுதக் குழுக்கள் ஊரைப் பிடித்தபோது, பழைய சுவடிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, ரகசியமாகத் தலைநகர் பமாகோவுக்குக் கடத்தினார்கள். 2022-ல் கூகுள் அவற்றில் 40,000-க்கு மேற்பட்ட பக்கங்களை இணையத்தில் வைத்தது. ஸ்கேனர் பிறகுதான் வந்தது. முதலில் காப்பாற்றியது, தலைமுறை தலைமுறையாக அவற்றை வீட்டில் வைத்திருந்த குடும்பங்கள்.

சுவடி இருந்தால் பெட்டியில் போடலாம். எழுதாததை?

கொல்லிமலையில் சாமையிலேயே கட்டவெட்டி, மல்லியச் சாமை என்று பல ரகம். எதை எப்போது விதைப்பது, எந்த மண்ணுக்கு எது என்பதெல்லாம் பெண்களின் நினைவில்தான். ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்தது, கையில் காசும் வந்தது, சாமை சுருங்கியது. ஒரு ஆயாவிடம், "சாமைச் சோறு உடம்புக்கு ரொம்ப நல்லதாமே?" என்றேன், ஏதோ நான் கண்டுபிடித்த மாதிரி.

"நல்லதுதான் சாமி. யாரு குத்துறது?"

ஒரு வரி விமர்சனம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே செய்த வேலைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது உமி நீக்கும் மெஷின்தான். விதை வங்கியும் வைத்தார்கள். உலக்கை வலி குறைந்தால்தான் விதைக்க மனசு வரும், விதைத்தால்தான் பேர் நிலைக்கும். வீடியோ எடுப்பது அதற்குப் பிறகுதான். நம் 'பாரம்பரிய' ஆப்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பாட்டியைப் படம் பிடித்து, பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்து, அவரைத் தவிர எல்லோருக்கும் காட்டுகின்றன. செல்போன் வழிக் கல்வி என்றால் மலைக்கு நாம் பாடம் நடத்துவது மட்டும்தானா? அவர்கள் சொல்ல, நாமும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.

கிளம்பும்போது ஆயாவுக்கு ஓரி பாட்டைப் படித்து, அர்த்தமும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "இதுல சாமை எப்ப வெதைக்கணும்னு போட்டிருக்கா?" என்றார்.

"இல்லை ஆயா."

"அப்ப எழுதிக்க," என்று உட்கார்ந்துகொண்டார்.