கடைசி வாங்கும் ஆசிரியர் குரலும்

புதிய பாடசாலைக் கட்டிடம் ஒன்று திறக்கப்படும்பொழுது அதன் நீள அகலமும் செலவான தொகையும் மேடையில் எடுத்துரைக்கப்படுகின்றன. கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. முன்னே நின்று ஆசிரியர் கூறுவது கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்குமா என்று எவரும் வினவுவதில்லை. கவிதையையும் நாடகத்தையும் மக்கள் நலன் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் நாம், மக்கள் பணத்தில் எழும் கட்டிடத்தை மட்டும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாகக் கொள்வது முறையன்று.

ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலும் வகுப்புக்கு வெளியிலும் இருத்தப்பட்ட மண் யாழ்ப்பாணம். 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சமஆசனக் கோரிக்கை வலுப்பெற்றபொழுது, அதை எதிர்த்தோர் பாடசாலைகளுக்குத் தீ வைக்கவும் தயங்கவில்லை. அந்தப் போராட்டமும் 1945 இன் இலவசக் கல்வியும் ஏழைப் பிள்ளைக்கு வாங்கில் இடம் பெற்றுத் தந்தன. ஆனால், ஆசனம் கிடைத்தவனுக்குப் பாடம் கேட்கவில்லையெனின் அவன் பெற்றது பாதி உரிமையே.

திண்ணைப் பள்ளியில் மாணவர் ஆசானின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தனர். ஓலைக் கொட்டிலின் கிடுகு ஓசையை உறிஞ்சியது. கொட்டிலுக்குத் திரும்புவோம் என்பது நமது வாதமன்று. மழைக்கும் தீக்கும் அது எளிதில் இரையாகும். எனினும், அதற்குப் பதிலாக வந்த சீமெந்துச் சுவரும் தரையும் தகரக் கூரையும் ஓசையை உறிஞ்சாது திருப்பி எறிகின்றன. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் விழுகின்றது. நீண்ட மண்டபத்தைத் தட்டிகளால் பிரித்த இடங்களிலோ, ஒரு வகுப்பின் வாய்ப்பாடு மறு வகுப்பின் வரலாற்றுடன் கலக்கின்றது. மாரி மழை தகரத்தில் கொட்டத் தொடங்கினால் பாடமே நின்றுவிடுகின்றது.

தமிழுக்கு இது பெருங்கேடு. வந்தான், வந்தாள், வந்தார் என்பவற்றை வேறுபடுத்துவது ஈற்றெழுத்து ஒன்றே. எதிரொலி முதலில் விழுங்குவது அதையே. சொல்வதெழுதலில் பிள்ளை விடும் பிழையைக் கவனக்குறைவு என்று தண்டிக்கிறோம்; பிழை சுவரினதாகவும் இருக்கலாம்.

ஆசிரியரின் நிலையும் இரங்கத்தக்கது. இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்துகிறார். உயர்த்த உயர்த்த எதிரொலியும் உயர்கின்றது. ஆண்டுக்கணக்கில் தொண்டை கட்டி, குரல் கம்மிப்போவது ஒரு தொழில்நோய். ஒலிவாங்கி கொடுத்தாற் போதும் என்பார் உளர். எதிரொலிக்கும் அறையில் அது குழப்பத்தையும் சேர்த்தே பெருக்கும்.

இதற்கு மருந்து அறியப்படாததன்று. 1895 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக விரிவுரை மண்டபமொன்றில் பேச்சு விளங்காதபொழுது, வாலஸ் சபைன் என்னும் பௌதிக ஆசிரியர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கனவளவும் உறிஞ்சும் பரப்புமே அந்நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்று நிறுவினார். வகுப்பறையில் அந்நேரம் ஏறத்தாழ 0.6 வினாடியாகவும், பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 1999 இல் பரிந்துரைத்தது.

இவற்றை எய்தப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வகுப்புகளுக்கிடையே முகடு வரை சுவர் எழுப்பலாம். தகரத்தின் கீழே உட்கூரை அமைக்கலாம். நம்மூர்த் தும்பைப் பாயாக்கிப் பின்சுவரில் சிறிது இடைவெளி விட்டுப் பொருத்தலாம். காற்றுக்குரிய சாளரங்களைத் தெருவுக்குப் புறம்பான திசையில் வைக்கலாம்.

போரில் சிதைந்த பாடசாலைகள் பல 2009 க்குப் பின் மீண்டும் எழுந்தன. இன்னும் எழ வேண்டியவை உள. அடுத்த கட்டிடத்தின் வரைபடம் விரிக்கப்படும்பொழுது, கடைசி வாங்குக்குக் கேட்குமா என்பதே பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் எழுப்ப வேண்டிய முதல் வினா. சமஆசனத்துக்காகப் போராடிய மக்கள் சமமாகக் கேட்கும் உரிமையையும் கோர வேண்டும்.