கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு பாதாளவாசி

"மக்களே, இது கல்லு இல்ல, கண்ணு முழிக்குது பாரு!"

கறிவேப்பிலைத் தொட்டியின் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அம்மை போட்ட சத்தத்தில் ஓடிப்போய்ப் பார்த்தேன். கறுத்த முதுகு. அதன் இரண்டு ஓரமும் செங்கல் பொடியைக் குழைத்து விரலால் இழுத்துவிட்டதுபோல் பட்டை. பயத்தில் உடம்பை ஊதிக்கொண்டு எலுமிச்சம்பழம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை.

சித்திரத்தவளை என்று மலையாளத்தில் சொல்கிறார்கள். சித்திரமேதான்! அறிவியல் பெயர் ஊபெரோடான் டாப்ரோபானிகஸ். 1934-ல் பார்க்கர் என்ற விலங்கியலாளர் இலங்கைத் தவளையைப் பார்த்து, அந்தத் தீவின் பழைய கிரேக்கப் பெயரைச் சூட்டினார். எனக்கு அது எங்கள் ஊர் திருப்புறத்துத் தவளை, அவ்வளவுதான்.

அது மண்ணுக்குள் போகிற அழகை ஒருமுறை பார்க்க வேண்டும். பின்னங்கால் பாதத்தில் மண்வெட்டி அலகுபோல் ஒரு புடைப்பு இருக்கிறது. அதனால் மண்ணை இருபக்கமும் தள்ளித் தள்ளி, பின்பக்கமாகவே இறங்கும். முதலில் இடுப்பு மறையும், பிறகு முதுகு. கடைசிவரை முகம் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் அங்கே வெறும் மண். நான் எத்தனை நாள் மூச்சுவிடாமல் பக்கத்தில் குந்தியிருந்தேன் என்று கணக்கே இல்லை. இதில் இன்னொரு அதிசயம், தோண்டுகிற இந்தத் தவளைக்கு மரம் ஏறவும் தெரியும். முன்கால் விரல் நுனிகள் முக்கோணமாக விரிந்திருப்பது அதற்குத்தான்.

தீனிக்கு நான் அலையவே வேண்டாம். எறும்பும் கரையானும் அதன் சாப்பாடு. எங்கள் புரையிடத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. தண்ணீரையும் வாயால் குடிப்பதில்லை. ஈர மண்ணிலிருந்து தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. நான் செய்வதெல்லாம் கோடையில் அந்தத் தொட்டியைக் காயவிடாமல் பார்த்துக்கொள்வது, அந்தப் பக்கம் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது. அந்தத் தோல் தண்ணீரை உறிஞ்சுவதுபோலவே விஷத்தையும் உறிஞ்சும்.

இதேபோல் அமெரிக்கப் பாலைவனத்தில் ஸ்பேட்ஃபுட் என்ற தேரை, மழை வராத மாதங்களையெல்லாம் மண்ணுக்கடியிலேயே கழித்துவிடுகிறது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் மணல் நிரப்பி ஆசையாக வளர்க்கிறவர்கள் உண்டு. அவர்களுடைய ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்குப் பெட்டி வேண்டாம். இடவப்பாதிப் பருவமழை முதல் இரவு ஓட்டில் விழும்போது, தொட்டி மண் லேசாக அசைந்து அந்த முகம் வெளியே வருவதைப் பார்க்கிற சுகம் பெட்டிக்குள் கிடைக்காது. அன்று ராத்திரி தேங்கிய தண்ணீரில் ஆண் தவளைகள் பலூனாய் ஊதி மிதந்துகொண்டு கூப்பிடும். எனக்குத் தூக்கமும் வேண்டாம்.

இந்தத் தவளையால்தான் எங்கள் மலைமேலும் எனக்குப் பிரியம் கூடியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணுக்கடியில் மாவேலித் தவளை என்ற ஊதாநிறத் தவளை இருக்கிறது. மகாபலியைப்போல் ஆண்டுக்கொருமுறை பாதாளத்திலிருந்து ஏறி வருவதால் அந்தப் பெயர். ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போஸ்யூட்டும் 2003-ல் இடுக்கியிலிருந்து அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதன் நெருங்கிய உறவுக்காரர்கள் கடல் தாண்டி செஷெல்ஸ் தீவுகளில்! தமிழ்நாட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் கிடைத்த அதன் தம்பி ஒன்றும் 2017-ல் அறிமுகமானது. அதற்குப் பூபதி என்று பெயர் வைத்தார்கள். ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்த சுப்பிரமணியம் பூபதி 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போதே உயிரிழந்தவர். எங்கள் நெய்யாறு அந்த மலையிலிருந்துதான் வருகிறது. ஆற்றில் இறங்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சொந்தங்களே, மரச்சீனிக்கு மண் வெட்டும்போது உருண்டையாக ஏதாவது புரண்டால் கையை நிறுத்துங்கள். ஈரக்கையால் எடுத்து, நிழலில் ஈர மண்ணாகப் பார்த்து விட்டுவிடுங்கள். மீதியை அதுவே தோண்டிக்கொள்ளும்.